ஸ்காட்லாந்தில் மோட்டார் சைக்கிள் டிரையல்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைக் பிரியர்கள் கூடும் இடத்தில் டிரையல்ஸ் பற்றிப் பேச்செடுத்தால் திரும்பத் திரும்ப இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். எளிதானவை முதலில், நிர்வாகமும் சட்டமும் பிறகு. அந்தப் பிற்பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். இந்த விளையாட்டு நூறு வருஷத்துக்கு மேலாக அங்கே நிலைத்திருப்பதற்கான காரணம் அதில்தான் இருக்கிறது.

இது என்ன ரேஸ்? இவ்வளவு மெதுவாகப் போகிறார்களே!

ரேஸே இல்லை. யார் முதலில் வந்தார் என்று யாரும் பார்ப்பதில்லை. பாறைகள், ஓடைப் படுகை, வேர்கள், சேறு, செங்குத்துச் சரிவு என்று இருக்கும் ஒரு சிறிய துண்டு நிலத்தைக் கால் தரையில் படாமல் கடக்க வேண்டும். அந்தத் துண்டுக்கு செக்‌ஷன் என்று பெயர். தொடக்கத்தில் ஒரு பலகை, முடிவில் ஒரு பலகை. வழியின் வலது எல்லையில் சிவப்பு அடையாளம், இடது எல்லையில் நீலம். பெரும்பாலான செக்‌ஷன்கள் ஓரிரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

மெதுவாகப் போவதுதான் இதில் கடினம். வேகம் இருந்தால் வண்டி தானாகவே நிமிர்ந்து நிற்கும். நடக்கிற வேகத்துக்குக் குறைந்தால் முழுப் பொறுப்பும் ஓட்டுபவரின் கிளட்ச் விரலுக்கும் இடுப்புக்கும் வந்துவிடுகிறது. முழங்கால் உயரப் பாறை ஒன்றின் முன்னால் சைக்கிளில் நின்று பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

மார்க் எப்படிப் போடுவார்கள்? அதிகம் வாங்கியவர்தான் ஜெயித்தவரா?

நேர்மாறு. குறைவாக வாங்கியவர்தான் ஜெயிப்பார். கால் ஊன்றாமல் கடந்தால் பூஜ்யம். இதை 'கிளீன்' என்பார்கள். ஒருமுறை ஊன்றினால் 1, இருமுறை என்றால் 2, மூன்றோ அதற்கு மேலோ என்றால் 3. விழுந்தாலோ, எல்லை அடையாளத்துக்கு வெளியே போனாலோ, எஞ்சின் நின்று கால் தரையில் பட்டாலோ 5. நாலு என்ற மார்க்கே கிடையாது.

இந்தக் கணக்கில் ஒரு அழகு உண்டு. மூன்று முறை கால் ஊன்றிவிட்டீர்கள் என்றால் அதற்குப் பிறகு எத்தனை முறை ஊன்றினாலும் 3 தான். எனவே நிலைமை கைமீறியதும் நல்ல ஓட்டுநர்கள் இரண்டு காலையும் போட்டுத் தள்ளியாவது முடிவுப் பலகையைத் தொட்டுவிடுவார்கள். பார்க்க நன்றாக இருக்காது, ஆனால் ஐந்து மூன்றாகிவிடும்.

ஒரு வீடியோவில் பாறை மேல் நின்று குதித்துக் குதித்துத் திரும்புகிறார்கள். இன்னொன்றில் நிற்கவே கூடாது என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. பிரிட்டிஷ் விதிமுறையில் நிற்கக்கூடாத வகை ஒன்று, நிற்க அனுமதிக்கும் வகை ஒன்று என இரண்டும் இருக்கின்றன. எந்த வகையில் நடத்துகிறோம் என்று அந்தந்தப் போட்டியின் அறிவிப்பில் சொல்லிவிடுவார்கள். உலக சாம்பியன்ஷிப்பே 2013-ல் நிற்கக்கூடாது என்ற விதிக்குத் திரும்பியது. அதைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை.

என் கருத்தைக் கேட்டால், நிற்காமல் ஓட்டுவதுதான் மலைப்பாதைக்குப் பொருத்தம். நின்று குதிக்கும் பாணி உள்ளரங்குப் போட்டியில் பிரமாதமாக இருக்கும். ஸ்காட்லாந்தின் ஓடைப்படுகையிலோ, தேங்கிய தண்ணீருக்கு அடியில் என்ன கல் இருக்கிறது என்று தெரியாமல், சக்கரம் உருண்டுகொண்டே வழி கண்டுபிடிப்பதில்தான் திறமை தெரிகிறது.

மார்க் போடுவது யார்? ஏமாற்ற முடியாதா?

ஒவ்வொரு செக்‌ஷனிலும் ஓர் அப்சர்வர் நிற்பார். கைவிரல்களை உயர்த்தி மார்க்கைக் காட்டுவார், குறித்துக்கொள்வார். அநேகமாக அத்தனை பேரும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். நாள் முழுக்க மழையில் ஒரே பாறைக்குப் பக்கத்தில் நின்று, கடைசி ஓட்டுநரின் கால்களையும் முதல் ஓட்டுநரின் கால்களைப் பார்த்த அதே கவனத்தோடு பார்க்க வேண்டும். அவர்கள் இல்லாவிட்டால் போட்டியே இல்லை. அப்சர்வர் கிடைக்காமல் செக்‌ஷன் எண்ணிக்கையைக் குறைக்கும் நிலை சிறிய கிளப்புகளுக்கு வருவதுண்டு.

ஓட்டுநர்கள் செக்‌ஷனை நடந்து பார்க்கலாம். ஓட்டிப் பழக முடியாது. அதனால் எல்லோருக்கும் அந்தப் பாறை புதிதுதான்.

வண்டிக்கு சீட்டே இல்லையே, ஏன்?

செக்‌ஷனுக்குள் யாரும் உட்காருவதில்லை. நின்றபடியே உடம்பை முன்னும் பின்னும் சாய்த்து எடையை நகர்த்த வேண்டும். அதற்கு சீட் தடை. இன்றைய டிரையல்ஸ் வண்டியின் எடை சுமார் 70 கிலோ, எஞ்சின் 125 முதல் 300 சிசி வரை. டயர் காற்றழுத்தம் நம் ஊர் மெக்கானிக்கிடம் சொன்னால் பஞ்சர் என்பார்: நாலு, ஐந்து பி.எஸ்.ஐ. அளவுதான். அப்போதுதான் டயர் பாறையின் வடிவத்துக்கு வளைந்து பிடிக்கும்.

ஸ்காட்லாந்தில் இது எப்போது ஆரம்பித்தது?

1909-ல் ஐந்து நாள் நிகழ்ச்சியாகத் தொடங்கி, 1911-ல் ஆறு நாளானது. அதுதான் ஸ்காட்டிஷ் சிக்ஸ் டேஸ் டிரையல். நடத்துவது எடின்பரோ அண்ட் டிஸ்ட்ரிக்ட் மோட்டார் கிளப். இன்றும் அவர்களேதான். இரண்டு உலகப் போர்க் காலங்களில் நின்றது. 2001-ல் கோமாரி நோய் பரவியபோதும், 2020, 2021-ல் கொரோனா காலத்திலும் நடக்கவில்லை. மற்றபடி தொடர்ந்து நடக்கிறது. இந்த வகைப் போட்டிகளில் உலகிலேயே மிகப் பழையது இது.

தொடக்கத்தில் கேள்வி ஓட்டுநரைப் பற்றியது அல்ல, வண்டியைப் பற்றியது. மோட்டார் சைக்கிள் என்பதே நம்பமுடியாத பொருளாக இருந்த காலம். பெல்ட் வழுக்கும், எஞ்சின் சூடேறி நிற்கும். மலைநாட்டின் சரளைப் பாதைகளில் தினமும் ஓடி, ஆம்ல்ரீ போன்ற செங்குத்து ஏற்றங்களில் இறங்கித் தள்ளாமல் ஏறினால் அந்த வண்டியை வாங்கலாம் என்று அர்த்தம். அதனால் கம்பெனிகளே அணி அனுப்பின. சாலைகளும் வண்டிகளும் மேம்பட்டபின் சாலை ஏற்றம் யாருக்கும் சோதனையாக இல்லை. போட்டி மெல்ல மெல்ல சாலையை விட்டு ஓடைக்குள்ளும் பாறைக்குள்ளும் இறங்கியது. இன்றைய டிரையல்ஸ் இப்படித்தான் பிறந்தது. யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு உருவாக்கியதல்ல.

எடின்பரோ கிளப் நடத்துகிறது என்றால் ஏன் ஃபோர்ட் வில்லியமில் நடக்கிறது?

பாறை அங்கேதானே இருக்கிறது! 1938 முதல் ஃபோர்ட் வில்லியம்தான் இதன் மையம். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் எடின்பரோவில் கார்கி கால்நடைச் சந்தையில் வண்டிகளைப் பரிசோதித்து, அங்கிருந்து புறப்பட்டு மேற்கே வருவார்கள். 1970களில்தான் அந்த வழக்கம் நின்று, முழுப் போட்டியும் ஃபோர்ட் வில்லியமுக்கு வந்தது.

பிரிட்டனின் மிக உயரமான மலையான பென் நெவிஸ் அந்த ஊரின் தலைமாட்டில் நிற்கிறது. தெற்கே கின்லாக்லெவன், க்ளென்கோ, கிழக்கே ரானக் சதுப்பு நிலம், கடல் நீரிணைக்கு அந்தப் பக்கம் ஆர்ட்கர், மாய்டார்ட். ஒரு வாரத்தில் ஒவ்வொரு நாளும் வெவ்வேறு திசையில் போகலாம். நான் கேட்ட எல்லோரும் முதலில் சொல்லும் இடம் பைப்லைன். கின்லாக்லெவன் அலுமினிய ஆலைக்கு மின்சாரம் எடுப்பதற்காக பிளாக்வாட்டர் அணையிலிருந்து இறக்கிய ராட்சதக் குழாய்களை ஒட்டியே ஏறும் செங்குத்துக் கற்பாதை அது. அணையும் ஆலையும் முடிந்தது 1909 வாக்கில், அதாவது போட்டி தொடங்கிய அதே காலம்.

ஆறு நாளும் என்னதான் செய்வார்கள்?

மே மாதத் தொடக்கத்தில், திங்கள் முதல் சனி வரை. முந்நூறுக்குச் சற்றுக் குறைவான ஓட்டுநர்கள் ஒருவர்பின் ஒருவராகக் காலையில் கிளம்புவார்கள். ஒரு நாளைக்கு சுமார் 30 செக்‌ஷன், சில நாட்களில் 100 மைல் வரை ஓட்டம். அந்தத் தூரத்தில் தார்ச்சாலையும் உண்டு, வண்டியின் அச்சு வரை புதையும் சதுப்பும் உண்டு. நேரக் கெடு இருக்கிறது; தாமதமானால் அதற்கும் மார்க் ஏறும். அதனால் ஒரு செக்‌ஷனைப் பத்து நிமிஷம் நின்று ஆராய்ந்தவர் மாலையில் அதற்கான விலையைக் கொடுப்பார்.

மாலை வந்ததும் வண்டிகள் பூட்டிய வளாகத்துக்குள் போய்விடும். இரவெல்லாம் கழற்றிச் சரிசெய்ய முடியாது. செயின், பிரேக், உடைந்த லீவர் எல்லாவற்றையும் பார்ப்பது ஓட்டுநரின் சொந்த நேரத்தில்தான். முதல் கேள்வியில் சொன்ன செக்‌ஷன் திறமை மட்டும் போதாது என்பது புதன்கிழமை வாக்கில் எல்லோருக்கும் புரிந்துவிடும். தோல் உரிந்த உள்ளங்கையோடு வியாழக்கிழமை காலையில் ஈரக் கையுறையை மாட்டுவதுதான் இந்தப் போட்டியின் நிஜமான செக்‌ஷன் என்று எனக்குத் தோன்றும். வெற்றி பெற வாய்ப்பே இல்லாத நூற்றுக்கணக்கானவர்கள் வருஷா வருஷம் வருவது, சனிக்கிழமை மாலை முடித்தோம் என்று சொல்வதற்காகத்தான்.

அதிகமாக ஜெயித்தவர் யார்?

டூகி லாம்ப்கின், 12 முறை. 1994, 1995, 1996. பிறகு 2007 முதல் 2009 வரை மூன்று. பிறகு 2012 முதல் 2017 வரை தொடர்ந்து ஆறு. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர்காரர். வெளியரங்க உலகப் பட்டத்தை 1997 முதல் 2003 வரை ஏழு முறை வென்றவர். அவர் அப்பா மார்ட்டின் 1976, 1977, 1978 மூன்று ஆண்டும் ஜெயித்தார். 1975-ல் தொடங்கிய உலக சாம்பியன்ஷிப்பின் முதல் சாம்பியனும் மார்ட்டின்தான். பெரியப்பாக்கள் ஆர்தர் 1963-லும், ஆலன் 1966-லும் வென்றார்கள். ஒரே குடும்பத்தில் 17 வெற்றி.

மற்றவர்களில், போருக்குப் பின் ஏ.ஜே.எஸ். வண்டியில் 1947, 1948, 1949 என்று வரிசையாகவும் பிறகு 1953-லும் வென்ற ஹியூ வைனி, ஐந்து முறை வென்ற சாமி மில்லர், ஐந்து முறை வென்ற மிக் ஆண்ட்ரூஸ். 1980-ல் பின்லாந்தின் இர்யோ வெஸ்டரினன் வரும்வரை பிரிட்டனுக்கு வெளியிலிருந்து யாரும் ஜெயித்ததில்லை. 'சரி, ஸ்காட்லாந்துக்காரர்?' என்று கேட்பீர்கள். கில்லின் ஊர்க்காரர் பாப் மெக்ரெகர் 1932, 1935 இரண்டு ஆண்டும் ரட்ஜ் வண்டியில் வென்றார். சொந்த மண்ணில் ஜெயிப்பது அவர்களுக்கு எவ்வளவு அரிதாக இருந்திருக்கிறது என்பதைக் காலமே சொல்கிறது.

ஒரே ஒரு மார்க்கில் ஆறு நாளும் முடித்தார் என்பது கட்டுக்கதையா?

உண்மை. 1961-ல் கார்டன் ஜாக்சன், 350 சிசி ஏ.ஜே.எஸ். வண்டியில். வாரம் முழுக்க ஒரே ஒருமுறைதான் கால் ஊன்றினார், கின்லாக்லெவன் பக்கத்து கிரே மேர்ஸ் ரிட்ஜில். அந்தக் கால் தரையில் படும் கணத்தைப் பிடித்த புகைப்படமும் இருக்கிறது. அந்த வண்டி இன்றைய வண்டியைப் போல ஏறத்தாழ இருமடங்கு எடை என்பதை நினைத்துக்கொண்டு அதைப் பாருங்கள்.

நம்ம புல்லட்கூட அங்கே ஜெயித்திருக்கிறதாமே?

ஆமாம். ஜானி பிரிட்டன் என்ற இளைஞர் 1952-ல் ராயல் என்ஃபீல்டு 350 புல்லட்டில் வென்றார். 1957-லும் ராயல் என்ஃபீல்டிலேயே மறுபடி வென்றார். அந்தக் காலத்தில் பின்பக்கம் சஸ்பென்ஷன் இருந்தால் டயர் பிடிமானம் போய்விடும், டிரையல்ஸுக்கு விறைப்பான சட்டம்தான் சரி என்று அனுபவசாலிகளே நம்பினார்கள். ஸ்விங் ஆர்ம், அதாவது பின்சக்கரத்துக்கான சஸ்பென்ஷன், பொருத்திய புல்லட்டை 1948-ல் டிரையல்ஸில்தான் இறக்கிக் காட்டினார்கள். பிரிட்டனின் வெற்றிகள் அந்த நம்பிக்கையை அசைத்தன.

1955-ல் மெட்ராஸில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, திருவொற்றியூரில் தயாரான புல்லட் இதே குடும்பத்து வண்டி. 2019-ல் ராயல் என்ஃபீல்டு வெளியிட்ட புல்லட் டிரையல்ஸ் மாடல் அந்தப் பழைய வண்டிகளின் நினைவாக வந்ததுதான். ஆனால் தோற்றத்தில்தான் அந்த மரபு. அதை வாங்கிக்கொண்டு பைப்லைனில் ஏற நினைக்காதீர்கள்.

பிரிட்டிஷ் வண்டிகள் ஏன் காணாமல் போயின?

ஒரு மனிதரின் முடிவு பெரிய காரணம். பெல்ஃபாஸ்ட்காரர் சாமி மில்லர், GOV 132 என்ற பதிவெண் கொண்ட ஏரியல் 500-ஐ கிராம் கிராமாக இளைக்கவைத்து 1962, 1964-ல் வென்றார். அந்த எண்ணைச் சொன்னாலே பழைய ரசிகர்களுக்கு வண்டி கண்முன் வந்துவிடும். 1964 இறுதியில் அவர் ஸ்பெயினின் புல்டாகோ கம்பெனிக்குப் போய், அவர்கள் வண்டியை அங்கேயே ஓட்டி ஓட்டித் திருத்தினார். விளைவு ஷெர்ப்பா டி: 250 சிசி டூ ஸ்ட்ரோக், மிக இலகு. 1965-ல் அதில் ஸ்காட்லாந்தில் ஜெயித்தார்.

அதோடு கனமான ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளின் காலம் முடிந்தது. புல்டாகோவுக்குப் பின்னால் ஓசா, மாண்டெசா. மிக் ஆண்ட்ரூஸ் ஓசாவில் மூன்று முறை, பிறகு யமஹாவில் 1974, 1975. இன்றும் கேஸ் கேஸ், டி.ஆர்.எஸ்., ஷெர்கோ, பீட்டா என்று ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி பக்கத்து வண்டிகள்தான் அதிகம்.

ஸ்காட் டிரையல் என்பதும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை, இந்தக் குழப்பம் ஓயவே மாட்டேன் என்கிறது. ஸ்காட் டிரையல் நடப்பது இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், ஒரே நாள். ஸ்காட் மோட்டார் சைக்கிள் கம்பெனியை உருவாக்கிய ஆல்ஃபிரட் ஸ்காட்டின் பெயர் அது. 1914-ல் தொடங்கியது. அதில் செக்‌ஷன் மார்க்கோடு, யார் வேகமாக முடித்தார் என்பதும் கணக்கில் வரும். ஸ்காட்லாந்துப் போட்டியில் கெடுவுக்குள் வந்தால் போதும், வேகத்துக்குப் பரிசு இல்லை. இது சட்டத்திலும் முக்கியம், கீழே வருகிறேன்.

இதையெல்லாம் நிர்வகிப்பது யார்?

ஸ்காட்லாந்தில் ஸ்காட்டிஷ் ஆட்டோ சைக்கிள் யூனியன், சுருக்கமாக எஸ்.ஏ.சி.யு. 1913-ல் தொடங்கியது. டிரையல்ஸ் மட்டுமல்ல, மோட்டோகிராஸ், ரோடு ரேஸ் எல்லாம் அதன் கீழ்தான். இங்கிலாந்து, வேல்ஸுக்கு 1903-ல் தொடங்கிய ஏ.சி.யு. வட அயர்லாந்தோ அயர்லாந்து தீவு முழுவதற்குமான அமைப்போடு சேர்ந்தது. எல்லாவற்றுக்கும் மேலே உலக அமைப்பான எஃப்.ஐ.எம்.

நடைமுறையில் இப்படி இருக்கும்: அடித்தளம் உள்ளூர் கிளப்புகள். லொகாபர், இன்வெர்னஸ், பெர்த், லானார்க்‌ஷயர், அபர்டீனின் பான் அகார்ட் போன்றவை. கிளப் நிலம் தேடி, செக்‌ஷன் குறித்து, அப்சர்வர்களைத் திரட்டும். எஸ்.ஏ.சி.யு. அந்தப் போட்டிக்கு பெர்மிட் கொடுக்கும். பெர்மிட்டோடுதான் காப்பீடு வரும். அது இல்லாமல் எந்த நில உரிமையாளரும் கேட்டைத் திறக்க மாட்டார். விதிமுறை, லைசென்ஸ், அதிகாரிகளுக்குப் பயிற்சி, ஸ்காட்டிஷ் சாம்பியன்ஷிப் கணக்கு எல்லாம் யூனியனின் வேலை. ஆறு நாள் போட்டியும் இதே ஏற்பாட்டுக்குள்தான் நடக்கிறது; எடின்பரோ கிளப்புக்குத் தனிச் சட்டம் கிடையாது.

அப்படியென்றால் உலகப் போட்டியில் ஸ்காட்லாந்துக்குத் தனி அணி உண்டா?

கால்பந்தை நினைத்துக்கொண்டு கேட்கிறார்கள். கிடையாது. எஃப்.ஐ.எம்.-இல் பிரிட்டன் சார்பில் இருப்பது ஏ.சி.யு. எனவே நாடுகளுக்கிடையிலான டிரையல் டெ நேஷன்ஸ் போட்டியில் ஸ்காட்லாந்து ஓட்டுநர் கிரேட் பிரிட்டன் அணிக்காகத்தான் ஓட்டுவார். உள்ளூரில் தனி யூனியன், வெளியே கூட்டு அணி.

ஸ்காட்லாந்தில் யார் வேண்டுமானாலும் எந்த மலையிலும் நடக்கலாம் என்று சட்டம் இருக்கிறதே, பைக்கில் மட்டும் ஏன் அனுமதி கேட்க வேண்டும்?

நல்ல கேள்வி, பலர் தவறாகப் புரிந்துகொள்வதும் இதைத்தான். 2003-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து நிலச் சீர்திருத்தச் சட்டம் பொறுப்போடு நடக்க, சைக்கிள் ஓட்ட, குதிரையில் போக எல்லோருக்கும் உரிமை தருகிறது. மோட்டார் வாகனத்தை அதிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும் வாகனங்களுக்கு மட்டும் விலக்கு. போதாததற்கு, 1988 சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி அனுமதியின்றி சாலைக்கு வெளியே மோட்டார் வாகனம் ஓட்டுவது குற்றம்.

ஆக, ஆறு நாள் பாதையின் ஒவ்வொரு மைலும் யாரோ ஒருவரின் சம்மதம். மான் வேட்டை எஸ்டேட்டுகள், ஆட்டுப் பண்ணைகள், அரசுக் காடுகள். பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதி குறுக்கிட்டால் நேச்சர்ஸ்காட் என்ற அரசு அமைப்பின் ஒப்புதலும் வேண்டும். மே மாதம் ஆடுகள் குட்டி போட்டிருக்கும் பருவம். எந்தச் சரிவில் போகக்கூடாது என்று மேய்ப்பர் சொன்னால் அந்த வருஷம் அந்தச் சரிவு இல்லை. மேலே சொன்ன 2001 ரத்தும் இதே உறவிலிருந்து வந்ததுதான். கோமாரி பரவும்போது முந்நூறு சக்கர ஜோடிகள் பண்ணைக்குப் பண்ணை சேற்றைச் சுமந்து போக முடியுமா? யாரோ ஒரு ஓட்டுநர் பயிற்சிக்கென்று அனுமதியில்லாமல் அந்த ஓடையில் ஏறினால் கிளப் பல வருஷம் கட்டிய நம்பிக்கை ஒரே மாலையில் போய்விடும். நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: இந்த விளையாட்டின் உண்மையான முதலீடு நில உரிமையாளரின் நல்லெண்ணம்.

தார்ச்சாலையில் போட்டி நடத்துவது சட்ட விரோதமில்லையா?

பொதுச் சாலையில் ரேஸ் விடுவது குற்றம். வேகத்தைச் சோதிக்காத டிரையலுக்கோ முறையான அங்கீகாரம் வாங்கினால் இடம் உண்டு. ஸ்காட்லாந்துக்கென்று 1976-லிருந்தே தனி விதிகள் இருக்கின்றன. வேகத்துக்குப் பரிசு இல்லை என்று முன்பு சொன்னது இங்கேதான் உதவுகிறது.

அதனால் செக்‌ஷனுக்கும் செக்‌ஷனுக்கும் நடுவே ஓட்டுநர் சாதாரண வாகன ஓட்டிதான். நம்பர் பிளேட், காப்பீடு, ஓட்டுநர் உரிமம், வேக வரம்பு எல்லாம் பொருந்தும். பிரிட்டனில் 125 சிசிக்கு 17 வயதில் உரிமம் எடுக்கலாம். அதனால்தான் ஆறு நாள் போட்டியில் வரும் பதின்வயதினர் 125 வண்டியில் வருகிறார்கள்.

மலை கெட்டுப் போகாதா?

கெடக்கூடிய இடங்கள் இருக்கின்றன. பாறையும் ஓடைக்கல்லும் டயரைத் தாங்கும்; ஈரக் கரிமண் தாங்காது. ஒரே தடத்தில் முந்நூறு வண்டி போனால் வாய்க்கால் விழுந்துவிடும். எனவே பாதையை வருஷத்துக்கு வருஷம் மாற்றுவது, சில இடங்களை ஓய்வில் விடுவது, முடிந்தபின் திரும்பிப் போய்ச் சரிசெய்வது எல்லாம் வேலையின் பகுதி. டயர் விதியும் கைகொடுக்கிறது: ஆழமான பற்கள் கொண்ட மோட்டோகிராஸ் டயருக்கு அனுமதி இல்லை. மலைநடைக்காரர்களில் சிலருக்கு இன்னும் இது பிடிக்காது. அவர்கள் கவலை நியாயமானது, அதற்குச் செயலில்தான் பதில் சொல்ல முடியும்.

பெண்கள் ஓட்டுகிறார்களா?

நூறு வருஷமாக. 1920களிலேயே மார்ஜரி காட்டில் ஸ்காட்லாந்தில் ஓட்டினார். ஸ்காட்லாந்துப் போட்டியிலிருந்து வேறான சர்வதேச ஆறு நாள் போட்டியில், 1927-ல், அவர் இருந்த பெண்கள் அணி சில்வர் வாஸ் கோப்பையை வென்றது. போருக்குப் பின் ஓல்கா கெவலோஸ். நம் காலத்தில், பலமுறை உலக சாம்பியனான எம்மா பிரிஸ்டோ. ஆறு நாளும் அதே பாதை, அதே செக்‌ஷன், அதே கெடு.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஏதாவது உண்டா?

உண்டு. ஆறு நாள் போட்டிக்குச் சற்று முன்பு கின்லாக்லெவனில் இரண்டு நாள் ப்ரீ-65 ஸ்காட்டிஷ் நடக்கும். 1965-க்கு முந்தைய வகை வண்டிகளுக்கானது. அதோடு இன்வெர்னஸ் கிளப் ஆல்வி எஸ்டேட்டில் நடத்தும் ஹைலேண்ட் கிளாசிக். ப்ரீ-65 வண்டிகள் என்ற பெயரில் உள்ளே எல்லாம் புதுப் பாகங்களாக இருக்கின்றன என்ற புகார் பழையது, எனக்கும் அதில் உடன்பாடு உண்டு. ஆனாலும் ஒரு ஏரியல் மெதுவாகத் துடித்துக்கொண்டே பாறை ஏறும் சத்தத்தைக் கேட்க வேறு இடம் எங்கே இருக்கிறது?

இந்தியாவிலிருந்து போய்க் கலந்துகொள்ள முடியுமா?

விதி தடுக்காது. வெளிநாட்டவர் தன் நாட்டு அமைப்பிடமிருந்து அனுமதிக் கடிதம் கொண்டுவர வேண்டும். நமக்கு அது சென்னையில் இருக்கும் இந்திய மோட்டார் விளையாட்டுக் கிளப்புகளின் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. பதிவு செய்த, காப்பீடுள்ள வண்டியும் செல்லுபடியாகும் உரிமமும் வேண்டும். விண்ணப்பங்கள் இடங்களைவிட அதிகம் என்பதால் குலுக்கலில்தான் பெயர் வரும்.

முதல் தடவையே ஆறு நாள் போட்டிக்கு விண்ணப்பிக்க வேண்டாம். அங்கே படிப்பவர்களும் வேலை பார்ப்பவர்களும் முதலில் உள்ளூர் கிளப்பில் சேருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்சர்வராக நிற்க ஆள் தேவையா என்று கேளுங்கள், மகிழ்ச்சியோடு சேர்த்துக்கொள்வார்கள். நாள் முழுக்க ஒரே செக்‌ஷனில் வெவ்வேறு ஓட்டுநர்கள் எந்த வழியைத் தேர்ந்தார்கள், எங்கே கால் வைத்தார்கள் என்று பார்ப்பதைவிட நல்ல பாடம் இல்லை. வெறுமனே பார்க்கப் போகிறவர்கள் மே மாதத்தில் ஃபோர்ட் வில்லியமில் அறையை முன்கூட்டியே பிடித்துவிடுங்கள். மழைக்கோட்டும் தண்ணீர் புகாத பூட்ஸும் கட்டாயம். செக்‌ஷன்களுக்கு நடந்துதான் போக வேண்டும், வழியில் இருக்கும் பண்ணை கேட்டுகளைத் திறந்தால் மூடிவிட்டுப் போங்கள்.